கையெழுத்துப் போட்டவர் ஒருவர், கூண்டேறியவர் வேறொருவர்

ஒரகடம் சாலை: பகுதி 11

2017 பிப்ரவரி மாதத்தைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் இருந்தார்கள். கோட்டையில் உட்காரப் போவது யார் என்று பார்க்க மாநிலமே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. 16ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி முதல்வராகப் பதவியேற்றார். 18ஆம் தேதி சட்டமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பின் அமளியைப் பலரும் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அதே மாதத்தில், யோகோஹாமாவில் தலைமையகம் வைத்திருக்கும் நிசான் மோட்டார் நிறுவனம் இந்தியக் குடியரசின் மீது சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்க முறைப்படி அறிவிப்பு அனுப்பியது. அது அப்போது எந்தச் செய்தியிலும் வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நிசான் கேட்ட தொகை ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய். தமிழ்நாடு தராமல் வைத்திருக்கும் ஊக்கத்தொகை என்று 2,900 கோடியும், அதனால் ஏற்பட்ட இழப்பு, வட்டி முதலியவற்றுக்காக 2,100 கோடியும் சேர்ந்த கணக்கு அது.

பாக்கி தமிழ்நாட்டினுடையது. வழக்கோ இந்தியாவின் மேல். இந்தப் பகுதி முழுக்க அந்த முடிச்சைப் பற்றித்தான்.

கதை 2008 பிப்ரவரியில் தொடங்குகிறது. சென்னைக்குத் தென்மேற்கே, வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஒரகடத்தில் கார் ஆலை கட்ட ரெனோ–நிசான் கூட்டணியும் தமிழ்நாடு அரசும் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. முதலில் இந்தத் திட்டத்தில் மஹிந்திராவும் இருந்தது, பிறகு விலகிக்கொண்டது. முதலீடு 4,500 கோடி ரூபாய், ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யும் திறன் என்று அறிவித்தார்கள். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கி இரண்டாண்டு ஆகியிருந்தது. அதே 2008 அக்டோபரில் டாடா நானோ மேற்கு வங்கத்தின் சிங்கூரிலிருந்து குஜராத்தின் சாணந்துக்குக் கிளம்பியதை நினைத்துக்கொண்டால், அன்று மாநிலங்கள் ஒன்றோடொன்று எப்படி ஏலம் போட்டன என்பது விளங்கும். நிலம், மின்சாரம், சாலை எல்லாம் எல்லா மாநிலமும் தரும். ஆட்டத்தை முடித்துவைப்பது வரிச் சலுகைதான்.

அந்தச் சலுகை வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சண்டையின் விதை அதற்குள்தான் இருக்கிறது. அரசு கஜானாவிலிருந்து முதலில் எதுவும் எடுத்துக் கொடுப்பதில்லை. நிறுவனம் தன் பணத்தைப் போட்டு ஆலை கட்டுகிறது, கார் விற்கிறது, விற்பனை வரி கட்டுகிறது. பிறகு அந்த வரியில் ஒப்புக்கொண்ட பங்கை அரசு திருப்பித் தருகிறது. கார் நிறைய விற்றால் திருப்பித் தர வேண்டிய தொகையும் ஏறும். அதாவது திட்டம் வெற்றி பெறப் பெற அரசின் பாக்கி வளரும். கையெழுத்துப் போடும் நாளில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதால் மேடையில் எல்லோர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். பில் வரும்போது வேறொரு நிதிச் செயலாளர், பெரும்பாலும் வேறொரு முதல்வர்.

இங்கும் அப்படித்தான் ஆனது. ஒப்பந்தம் போட்டபோது முதல்வர் கருணாநிதி. 2010 மார்ச்சில் ஆலை திறந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறி ஜெயலலிதா வந்தார். ஆட்சி மாறலாம், அரசு மாறுவதில்லை என்பது சட்டத்தின் பால பாடம். ஆனால் நம் கோப்புகளுக்கு அந்தப் பாடம் மெதுவாகத்தான் ஏறும். 2015இல் வர வேண்டிய தொகைக்காக மாநில அதிகாரிகளிடம் திரும்பத் திரும்பக் கேட்டும் பலனில்லை என்பது நிசானின் புகார். 2016 மார்ச்சில் அதன் தலைவர் கார்லோஸ் கோன் பிரதமர் மோடியிடமே முறையிட்டார். அந்த ஜூலையில் வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. அதன் பிறகு மத்திய, மாநில அதிகாரிகளும் நிறுவனத்தினரும் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் கூடிப் பேசினார்கள். பணம் வந்துவிடும், வழக்குக்குப் போக வேண்டாம் என்று டெல்லித் தரப்பிலிருந்து உறுதி சொன்னதாகவும் ராய்ட்டர்ஸ் எழுதியது. கடைசியில் 2017 ஆகஸ்டில், உங்கள் தரப்பு நடுவரை நியமியுங்கள் என்று நிசான் கெடு வைத்தது.

மாநில அரசோடு செய்த ஒப்பந்தத்துக்கு மத்திய அரசை எப்படி இழுக்க முடியும்? இந்தியாவும் ஜப்பானும் 2011 பிப்ரவரியில் கையெழுத்திட்டு அந்த ஆகஸ்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் ஒன்று உண்டு. சீபா என்பார்கள். அதன் முதலீட்டு அத்தியாயத்தில் இரண்டு வாக்குறுதிகள் இந்த வழக்குக்கு அச்சாணி. ஒன்று, எதிர்நாட்டு முதலீட்டாளரை நியாயமாகவும் சமமாகவும் நடத்துவோம் என்பது. மற்றது, முதலீடு தொடர்பாக அவருக்குக் கொடுத்த எந்தக் கடப்பாட்டையும் காப்பாற்றுவோம் என்பது. இரண்டாவதை இந்தத் துறையில் குடைப் பிரிவு என்கிறார்கள். மாநில அரசு போட்ட சாதாரண ஒப்பந்தமும் அந்தக் குடைக்குக் கீழே வந்துவிட்டால், அதை மீறுவது இரு நாட்டு உடன்படிக்கையையே மீறுவதாகிவிடும். மாநில அரசு வேறு, மத்திய அரசு வேறு என்ற வாதம் சர்வதேசச் சட்டத்தில் செல்லாது. ஊராட்சி முதல் உச்ச நீதிமன்றம் வரை எந்த உறுப்பு செய்தாலும் அது நாட்டின் செயல்தான். ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் 2001இல் தொகுத்த விதிகளும் இதையே சொல்கின்றன.

நம் அரசமைப்புச் சட்டத்தில் வெளிநாட்டு உடன்படிக்கை மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. தொழில் வளர்ச்சிக்காகச் சலுகை அறிவித்து முதலீட்டாளரைக் கூட்டிவருவது மாநிலம். டெல்லி போட்ட உடன்படிக்கையில் சென்னைக்குக் கையெழுத்து இல்லை. சென்னை கொடுத்த வாக்கில் டெல்லிக்குக் கையெழுத்து இல்லை. தீர்ப்பாயத்தின் முன் நிற்கப் போவது டெல்லி மட்டும். பணம் கட்ட வேண்டியது சென்னை. இந்த வழக்கில் எனக்கு மிக வினோதமாகப் படுவது இதுதான்: தர வேண்டிய தொகையில் முரண்பாடு இல்லை, பேசித் தீர்க்கப் பார்க்கிறோம் என்ற தொனியில் மாநில அதிகாரி ஒருவர் ராய்ட்டர்ஸிடம் பேசினார். அதே டிசம்பரில் மத்திய அரசு, நிசான் அந்தத் தீர்ப்பாயத்துக்கே போகக் கூடாது என்று தடை கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது. ஒரே வீட்டில் அண்ணன் கடனை ஒப்புக்கொள்கிறார், தம்பி கடன்காரரை வாசலிலேயே நிறுத்தப் பார்க்கிறார்.

டெல்லியின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. 2011 நவம்பரில் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் இந்தியாவுக்கு எதிராக ஒரு தீர்ப்பு வாங்கியது. ஒப்பந்தத் தகராறு ஒன்றில் அது வென்ற நடுவர் தீர்ப்பை நிறைவேற்றும் வழக்கை நம் நீதிமன்றங்கள் ஒன்பதாண்டுக்கு மேல் இழுத்தடித்ததே குற்றம் என்று தீர்ப்பாயம் சொன்னது. முதலீட்டு உடன்படிக்கையின் கீழ் இந்தியா தோற்ற முதல் வழக்கு அது. அதன் பின் வோடஃபோன், கெய்ர்ன் என்று வரிசை கட்டி நோட்டீஸ் வந்தது. 2015 கடைசியில் இந்தியா புதிய மாதிரி உடன்படிக்கை ஒன்றை வகுத்தது. அதன்படி, முதலீட்டாளர் முதலில் உள்நாட்டு நீதிமன்றத்தில் ஐந்தாண்டு முட்டி மோதிவிட்டுத்தான் வெளியே போகலாம். வரி விவகாரத்துக்கு அங்கே இடமே இல்லை. பழைய இருதரப்பு முதலீட்டு உடன்படிக்கைகளில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை முடித்துக்கொள்வதாகவும் நோட்டீஸ் அனுப்பியது. ஜப்பானோடு இருந்ததோ வணிகத்தையும் முதலீட்டையும் சேர்த்துக் கட்டிய பெரிய உடன்படிக்கை. அதை அவ்வளவு சுலபமாகக் கிழிக்க முடியாது. மூடிக்கொண்டிருந்த கதவுகளுக்கிடையே நிசானுக்கு ஒரு கதவு திறந்தே இருந்தது.

உள்நாட்டு நீதிமன்றத்தைக் கொண்டு வெளிநாட்டுத் தீர்ப்பாயத்தை நிறுத்தும் முயற்சிக்கும் நம்மிடம் முன்கதை உண்டு. ஹால்தியா துறைமுக விவகாரத்தில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் 2014இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் துறைமுகக் கழகத்துக்குச் சாதகமாகத் தடை கொடுத்தது. 2018 மே மாதம் வோடஃபோன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், அதிகாரம் இருந்தாலும் அரிதிலும் அரிதாகத்தான் தலையிடுவோம் என்று கையைக் கட்டிக்கொண்டது. டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதே சரி என்பது என் கட்சி. வழக்கில் ஒரு தரப்பாக நிற்கும் அரசு, தன் நாட்டு நீதிமன்றத்தையே எதிராளியின் வாயை மூடப் பயன்படுத்தினால், ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் தீர்ப்பில் வாங்கிய பெயரை நாமே மறுபடி உறுதிப்படுத்தியதாகும்.

தீர்ப்பாயத்தில் உட்கார்ந்தவர்கள் மூவர். தலைவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜீன் கலிக்கி. நிசான் தேர்ந்தெடுத்தவர் சுவீடனின் சட்டப் பேராசிரியர் காய் ஹோபெர். இந்தியா தேர்ந்தெடுத்தவர் நீதிபதி ஜகதீஷ் சிங் கேஹர். 2017 ஆகஸ்ட் 27 வரை இந்தியத் தலைமை நீதிபதியாக இருந்தவர். நிர்வாக வேலை ஹேகிலுள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்திடம். விசாரணையின் சட்ட இருப்பிடம் சிங்கப்பூர்.

தன் வழக்கைத் தீர்க்கப் போகிறவரைத் தானே தேர்ந்தெடுப்பது முதலில் கேட்பவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். இதில் விதிமீறல் எதுவும் இல்லை, இரு தரப்பும் சமமாகச் செய்வதுதான். ஆனால் நியாயம் எங்கே சிக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரகடத்திலிருந்து அதிக தூரம் போக வேண்டாம். அதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போனால் போதும். அங்குள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டை, பொ.ஆ. 921ஐச் சேர்ந்ததை, குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் புகழ்கிறோம். எனக்குப் பிடித்தது யாரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று அது போடும் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக் கூடாது. முந்தைய மூன்றாண்டுக்குள் பொறுப்பில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர்களின் சபை அது, எல்லோருக்குமான ஜனநாயகம் இல்லை. என்றாலும் ஆளின் நேர்மையை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல், ஐயம் எழக்கூடிய உறவுகளை முன்கூட்டியே வெட்டிவிடும் புத்தி அதில் இருக்கிறது.

நம் நடுவர் சட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர 2015 ஆனது. 1996இல் இயற்றிய சட்டத்தில் நடுவர் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லியிருந்தது. நடைமுறையில் அரசுத் துறையும் பொதுத்துறை நிறுவனமும் ஒப்பந்தக்காரர் வழக்குப் போட்டால் தம் தலைமைப் பொறியாளரையே நடுவராக உட்கார வைப்பது வாடிக்கையாக இருந்தது. பில்லை நிறுத்தி வைத்தவரின் மேலதிகாரிதான் பில் நியாயமா என்று தீர்ப்புச் சொல்வார். 2015 திருத்தம் ஐந்தாம், ஏழாம் அட்டவணைகளைச் சேர்த்தது. ஒரு தரப்பின் ஊழியர், ஆலோசகர், பங்குதாரர் நடுவராகவே முடியாது. கடந்த மூன்றாண்டுக்குள் ஒரே தரப்பு இரண்டு முறையோ அதற்கு மேலோ நியமித்த நபர் என்றால் அதுவும் ஐயத்துக்குரியது. உத்திரமேரூர்க் கல்லிலும் மூன்றாண்டு, டெல்லிச் சட்டத்திலும் மூன்றாண்டு. தற்செயல்தான், ஆனாலும் படித்ததும் சிரித்துவிட்டேன்.

அதன் பிறகும் ஓட்டை இருந்தது. ஊழியர் நடுவராகக் கூடாது, சரி. நடுவரை நியமிக்கும் அதிகாரத்தை அவரிடமே விடலாமா? கூடாது என்று 2017இலும் 2019 நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே ரயில்வே வழக்கு ஒன்றில், ஓய்வு பெற்ற அதிகாரிகள் பட்டியலை ரயில்வேயே கொடுத்து அதிலிருந்து பொறுக்கச் சொல்வது செல்லும் என்றது. இந்தக் குழப்பத்தை 2024 நவம்பர் 8ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் முடித்துவைத்தது. ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிக்கும் விதி, சமத்துவம் பேசும் அரசமைப்பின் 14ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. சர்வதேச அளவில் முதலீட்டு நடுவர்களுக்கான நடத்தை விதிகளை ஐ.நா. அமைப்பு ஏற்றுக்கொண்டது 2023இல்தான். எல்லா ஊரிலும் இது தாமதமாக வந்த ஞானம்.

நிசான் வழக்கில் இந்தியா அதிகார வரம்பு பற்றிப் பல ஆட்சேபங்களை எழுப்பியது. இது வெறும் ஒப்பந்தத் தகராறு, வரி விவகாரம், உரிய காலத்துக்குள் வரவில்லை என்றெல்லாம் வாதம் போனது. 2019 ஏப்ரல் 29ஆம் தேதி தீர்ப்பாயம் தனக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்று முடிவு சொன்னது. அடுத்த ஆண்டே இரு தரப்பும் சமரசமாகி வழக்கை முடித்துக்கொண்டார்கள். யார் பக்கம் நியாயம் என்று மூன்று நடுவர்களும் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. 2008இல் கொடுத்த வாக்கு 2020இல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. இடையில் காருக்கான வாட் விற்பனை வரியே காலமாகி 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. பிறந்துவிட்டது.

பக்கத்து ஊர் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வேறொரு வழியில் போனது. அதன் தகராறு வருமான வரித் துறையோடு. ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று 2013இல் 2,080 கோடி ரூபாய் கேட்டார்கள். சொத்தை முடக்கினார்கள். மாநில வணிக வரித் துறையும் தன் பங்குக்கு ஏறத்தாழ 2,400 கோடிக்கு நோட்டீஸ் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் கைபேசித் தொழிலை 2014 ஏப்ரலில் வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது. வருமான வரிச் சண்டை தீர்ந்தது 2018இல், இரு நாட்டு வரி அதிகாரிகள் நேரடியாகப் பேசி முடிக்கும் முறையில். நோக்கியா 20 கோடி யூரோவுக்குச் சற்று அதிகமாகக் கட்டியது. ஆலை மூடி அப்போது மூன்றரை ஆண்டாகியிருந்தது.

இந்த இரண்டு பெரிய சண்டைகளைப் பற்றி எழுதும்போதெல்லாம் இந்தப் பகுதியில் இருக்கும் சிறு பட்டறைகள் ஞாபகத்துக்கு வரும். திருமுடிவாக்கத்தில் பிரஸ் ஷாப் வைத்திருப்பவருக்கும் பெரிய கம்பெனிக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் வெண்டருக்கும் சீபா இல்லை, ஹேக் இல்லை. அவர்களுக்கு இருப்பது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வசதியாக்கக் குழுவிடம் மனுப் போட்டால் அது முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் தானே நடுவராக மாறித் தீர்ப்புச் சொல்லும். சமரசம் பேசியவரே தீர்ப்பும் சொல்லலாமா என்ற நல்ல கேள்விக்கு, இந்தச் சட்டத்தில் அது செல்லும் என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. தோற்ற கம்பெனி மேல்முறையீடு போக வேண்டுமானால் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏட்டில் பார்த்தால் நிசானுக்குக் கிடைத்ததைவிட வலுவான பாதுகாப்பு இது. ஆனால் நிசானுக்குத் தமிழ்நாடு அடுத்த மாத ஆர்டர் தரும் முதலாளி அல்ல. வெண்டருக்கு எதிராளிதான் சோறு போடுகிறவர். மனுப் போட்ட மறுநாளே டை, ஜிக் போன்ற கருவிகள் எல்லாவற்றையும் கம்பெனி வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் இந்தப் பகுதியில் புதிதல்ல. அதனால் பலர் அந்தக் குழுவிடம் கடைசியில்தான் போகிறார்கள், உறவு முறிந்த பிறகு, சில சமயம் பட்டறையையே மூடிய பிறகு. நடுவர் நடுநிலையாக இருப்பதற்கு அட்டவணை போட்டுவிட்டோம். நடுவரிடம் போக ஒருவருக்குத் தெம்பு இருக்கிறதா என்பதற்கு எந்த அட்டவணையும் இல்லை.

தொழிலாளர்களுக்கும் ஏட்டில் ஒரு நடுவர் உண்டு. தொழிற்தகராறு சட்டத்தின் 10ஏ பிரிவு, 1956இல் வந்த திருத்தத்தின்படி, அதற்கு வழி வைத்திருந்தது. இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது நடக்கும் என்பதால் நாடு முழுக்கவே அரிதாகத்தான் பயன்பட்டது. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது அமைச்சர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடித்துவைத்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்ய மேலும் மூன்று மாதம் ஆனது.

நிசான் வழக்குக்குக் காரணமான ஒரகடம் ஆலை இப்போது நிசானுடையதே அல்ல. தன் 51 சதவீதப் பங்கை ரெனோவுக்கு விற்பதாக 2025 மார்ச் கடைசியில் அறிவித்து, அந்த ஆண்டிலேயே கைமாற்றியது. கார்கள் மட்டும் அதே வரிசையிலிருந்து இரண்டு பெயரிலும் வெளியே வருகின்றன.

நோக்கியாவில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களின் பக்கத்தை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)